தேவாரத்தில் அளந்த பாதாம் பால்

எங்கள் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், உறை பிரிக்காத ஒரு டைமர் இருக்கிறது. பேரிக்காய் வடிவம். என் கணவருக்கு நான் வாங்கித் தந்தது. சிரித்துக்கொண்டே வாங்கி அங்கே ஒளித்து வைத்தவர், அதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மருந்தாளர், நான் மதுரைக்காரி. நாங்கள் குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிச் சந்தையில் வாங்கிய புத்தகத்தில் தொடங்கியது அவருடைய பித்து. இடைக்கால இங்கிலாந்தின் சமையல் குறிப்புகளை இன்றைய அடுப்புக்கு ஏற்றபடி எழுதிய புத்தகம் அது. அதில் ஒரு பண்டம், பாதாம் பாலில் அரிசிமாவு கரைத்துக் காய்ச்சுவது. இறைச்சியும் பசும்பாலும் ஆகாத நோன்பு நாட்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி என்று படித்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே அது எங்கள் விரதச் சமையலில் சேர்ந்துவிட்டது.

மனிதர் அதோடு விட்டாரா? இந்தக் குறிப்பு எந்தச் சுவடியிலிருந்து வந்தது என்று தேடக் கிளம்பினார். புத்தகம் ஒரு பழைய அச்சுப் பதிப்பைப் பார்த்து எழுதியது; அந்தப் பதிப்பு இரண்டு கையெழுத்துச் சுவடிகளைப் பார்த்தது. இங்கிலாந்து நூலகங்கள் இணையத்தில் ஏற்றியிருந்த அந்தப் பக்கங்களைத் திரையில் பெரிதாக்கி எழுத்துக்கூட்டிப் படிப்பார். நான் துணி மடித்தபடி கேலி செய்வேன். குங்குமப்பூ ஒரு சுவடியில் இருந்தது, சர்க்கரை இன்னொன்றில். புத்தகம் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டிருந்தது. 'ஐந்து நிமிடம் காய்ச்சவும்' என்பது எதிலுமே இல்லை. பைபிள் சங்கீதம் ஒன்றைச் செபமாகச் சொல்லி முடிக்கும் வரை என்றுதான் இருந்தது.

"அவையிட்டை மணிக்கூடு எங்கை இருந்தது? செபம் முடியத்தான் சட்டியை இறக்கினவை" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பால் தேவாரத்தில் வெந்தது. கரண்டியால் கிளறிக்கொண்டே பாடுவார். பாட்டு முடிந்ததும் அடுப்பை அணைப்பார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. பால் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

போன வாரம் அவருடைய திவசம். படையலில் அந்தப் பால் இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். டைமரைப் பிரிக்க எடுத்தேன், மனம் வரவில்லை. போனில் ஐந்து நிமிடம் வைத்துக் காய்ச்சினேன், பசையாகிவிட்டது. மறுபடி பாதாம் அரைத்து, தேவாரத்தை நானே பாடினேன். தண்ணீராக நின்றது. அத்தனை தூரம் போய் மூலத்தைத் தேடிப் பிடித்தவரின் பாட்டை நாங்கள் ஒருநாளும் பதிவு செய்து வைக்கவில்லை. அவர் குரலை ஒரே ஒருமுறை கேட்டால் போதும் போலிருந்தது. அடுப்படியிலேயே அழுதேன்.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். எதைக் கேட்டாலும் பாதி இங்கிலீஷில் பதில் சொல்கிறவள்.

"டூ ஃபாஸ்ட்மா. அப்பா நடுவில நிப்பாட்டி ஸ்மெல் பண்ணுவார்."

உண்மைதான். படைக்கும் முன் ருசி பார்க்கக்கூடாதே. ஒவ்வொரு அடி முடிந்ததும் குனிந்து வாசனைதான் பார்ப்பார். இத்தனை வருடம் பக்கத்தில் நின்ற எனக்கு அது மறந்துபோயிருந்தது.

மூன்றாவது தடவை அவளே கரண்டியை வாங்கிக்கொண்டாள். பாதிச் சொற்கள் தப்பு. ஆனால் அடிக்கு அடி நிறுத்தி, குனிந்து, மூச்சை இழுத்து, அவரைப் போலவே மெதுவாகப் பாடினாள். முடித்து அடுப்பை அணைத்தபோது பால் கரண்டியில் ஒட்டி நின்றது. நான் டைமரை எடுத்து, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் திரும்ப வைத்தேன்.