உக்கிரபாண்டியின் மூக்கு

ஏலக்காய் மூட்டையின் வாயை அவிழ்த்ததும் மற்ற வியாபாரிகள் தலையை உள்ளே விடுவார்கள். உக்கிரபாண்டி பின்வாங்குவார். முகக்கவசத்தை மூக்குத்தண்டில் அழுத்திக்கொண்டு, "ஒரு கை அள்ளிக் கொண்டாங்கப்பா" என்பார். காய்களைக் காதருகே வைத்துக் குலுக்குவார். கலகலத்தால் காய்ந்த சரக்கு. ஊமையாக இருந்தால் ஈரம். போடியில் ஏலக்காயைக் காதால் வாங்குகிற ஒரே மனிதர் அவர்தான்.

மூக்குக்குத் தடை விழுந்து மூன்று வருடமாகிறது. அப்போதுதான் மனைவி மகாராணியின் சிறுநீரகம் ஒன்றை மதுரையில் அவருக்குப் பொருத்தினார்கள். வந்த விருந்தாளியை உடம்பு விரட்டிவிடக் கூடாது என்பதற்காக, எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் மட்டம் தட்டியே வைத்திருக்க வேண்டும். "ஊரே எதிர்ப்பு சக்தியக் கூட்டணும்னு கசாயம் குடிக்குது. நான் ஒருத்தந்தேன் வேளை தவறாமக் கொறைச்சுக்கிட்டு இருக்கேன்" என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம். பிறருக்கு ஒரு தும்மலோடு போகிற மூட்டைப் பூசணம் அவர் நுரையீரலில் குடித்தனமே நடத்திவிடும். ஆகையால் அதை மரியாதையாகப் 'பூசணத்தார்' என்றே குறிப்பிடுவார்.

ஜீப் ஓட்டும் ஈஸ்வரனுக்கு இதெல்லாம் டீக்கடைத் தீனி.

"மாமா, அமெரிக்காவுல பன்னிக் கிட்னிய மனுசனுக்கு வச்சுட்டாய்ங்களாம். ஒங்க குரங்கணி மலைத் தோட்டத்துல காட்டுப்பன்னி கூட்டமாத்தான திரியுது. ஒண்ண வளைச்சுப் போட்டா, அத்தை கிட்னியத் திருப்பிக் குடுத்துரலாம்ல."

"பன்னி கிட்னி தனியா வராது மாப்ளே. ஒளிஞ்சிருக்குற பன்னிக் கிருமியும் கூடவே ஏறி வரும். பன்னி இருதயம் வச்ச ஒருத்தருக்கு வந்திருக்கு, பேப்பர்ல போட்டிருந்தான். எதுத்து நிக்க எங்கிட்ட ஆளு ஏது? அம்புட்டுப் பேரையும் மாத்திரை போட்டுத் தூங்க வச்சிருக்கேன்."

இவ்வளவு தெரிந்தவர்தான் போன மழைக்காலத்தில், யாருமில்லாத நேரம் பார்த்துக் கவசத்தை இறக்கி, ஒரு மூட்டைக்குள் தலையை விட்டார். பத்தே நாளில் இருமல். மருத்துவரிடம், "பனி ஒத்துக்கல சார்" என்றார்.

"பனியில்ல சார், மூட்டை" என்றார் மகாராணி. மீசையில் ஒட்டியிருந்த ஏலத் தூசியை அவர் அன்றைக்கே பார்த்திருந்தார்.

படம் எடுத்ததில் நுரையீரலில் ஒரு புள்ளி. பூசணத்தார்தான். நான்கு மாத மருந்தில் நுரையீரலும் பிழைத்தது, சிறுநீரகமும் பிழைத்தது. இன்னொரு தரம் என்றால் இரண்டுக்கும் தான் பொறுப்பில்லை என்றார் மருத்துவர். கொடுப்பதற்கு மகாராணியிடமும் இனி மிச்சமில்லை.

அதிலிருந்து கடைக்கு மகாராணியும் வருகிறார். மோந்து பார்ப்பது இப்போது அவர் சோலி.

"எப்பிடி இருக்கு?"

"ஏலக்கா மாதிரி இருக்கு."

"அடியே, புகை வாடை அடிக்குதா, புளிச்ச வாடை அடிக்குதா, அதச் சொல்லு."

"ரெண்டும் இல்ல. நல்லா இருக்கு. வெரசா வெலையப் பேசுங்க."

நேற்று மலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. காய் ஒவ்வொன்றும் கிளிப்பச்சை. திரண்டு, கனத்து, காதில் மணியாக ஒலித்தது. உக்கிரபாண்டியின் விரல் கவசத்தின் நாடாவைத் தொட்டது. "இது ஒண்ணு மட்டுந்தேன். லேசா" என்றார்.

மகாராணி தடுக்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே, சிறுநீரகம் எடுத்து எப்போதோ ஆறிவிட்ட தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து, புதிதாக வலி எடுத்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

உக்கிரபாண்டி நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.