பனைக்கு இந்தப் பக்கம்

பிள்ளைகள், நேற்றுப் புதுவருட உடன்படிக்கை ஆராதனை முடிந்து வரும்போது அயலில் யாரோ வேலி அடைத்தார்கள். புதிதாய்ப் பின்னிய தென்னோலைக் கிடுகு மணத்ததும் எனக்குப் பழைய கோபம் கிளம்பியது.

என் அப்பா, உங்கள் அப்பப்பா, அதே ஆராதனையில் முழந்தாளிட்டு, “ஆண்டவரே, இனி நான் உம்முடையவன்” என்று சத்தமாகச் சொல்வார். ஒருமுறை அன்று மத்தியானமே வேலி அடைக்கிற சாட்டில், எல்லைக் கதியால் தடிகளைப் பெரியப்பாவின் காணிக்குள் தள்ளி நட்டார். பெரியப்பாவின் பனை எங்கள் பக்கம் வந்துவிட்டது.

“தம்பி, விடிய ஆண்டவரோடை உடன்படிக்கை. மத்தியானம் என்ரை பனையோடையோ?” என்றார் பெரியப்பா.

“கோயில் கதையைக் கோயிலிலை வையுங்கோ, அண்ணை.”

கடவுளுக்குக் கொடுத்த வாக்கு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிற்கவில்லை. அதே வாக்கைத்தான் நேற்று நானும் சொன்னேன்.

இன்று நீங்கள் வெளியே போனபிறகு மண் கிண்டும் அலவாங்கை எடுத்தேன். அப்பா நட்டு வேர்விட்டிருந்த முதல் கதியாலைக் கிளப்பி, பனைக்கு இந்தப் பக்கம், எங்கள் காணிக்குள் நட்டேன்.