மொட்டை மாடியில் ஒரு விசில்

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கம் என்னை வான்பாதுகாப்பில் அமர்த்தியது. தகுதி ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க தினமும் மொட்டை மாடி ஏறுபவன் நான். மூட்டுவலியை யாரும் விசாரிக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே, எப்டியும் மேலதான கீற?" என்று விசிலை என் கழுத்தில் மாட்டினார் சங்கச் செயலாளர். "ட்ரோன் வந்தா ஊது. அப்டியே எந்தப் பக்கம் போவுதுன்னு பட்டாளத்துக்குப் போன் போடு. நம்பர் தர்றேன். சுட்டு எறக்கிடுவாங்க."

வீட்டில் வந்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். மனைவி சிரித்தாள். "வாசல்ல ஆட்டோ வந்து நின்னாலே தெரியாது இவருக்கு."

சட்டம் படிக்கும் மகள் சிரிக்கவில்லை. "விசில் ஊதுப்பா. ஜனங்கள உள்ள போகச் சொல்றது தப்பில்ல. ஆனா சுடறதுக்கு இடம் சொன்னா, நீயே சண்டையில இறங்கின மாதிரி. அந்த நேரத்துக்கு உனக்குப் பாதுகாப்பு கிடையாது. உன்னைக் குறிவெச்சு அடிக்கலாம்."

"இத்தனை வருஷமா ஃபாக்டரி லேத்துல டாங்கிக்கு உதிரிபாகம் கடையறேனே, அது?"

"அதுக்காக உன்னைக் குறிவெக்கக் கூடாது. நீ பொதுஜனம். ஆனா ஃபாக்டரிய அடிக்கலாம்."

"நான் உள்ள இருக்கும்போதா?"

"உள்ள இருக்கறவங்களையும் யோசிச்சுட்டுத்தான் அடிக்கணும்." சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "போனைக் குடு."

கொடுத்தேன். விசிலோடு மட்டும் மாடி ஏறினேன். வானத்தில் ஒரு பயணிகள் விமானமும் நிறைய கொசுவும்.

"இன்னா நைனா, போன் எங்க?" கீழேயிருந்து செயலாளர் கத்தினார்.

"பொண்ணு பறிமுதல் பண்ணிடுச்சு!"

"பட்டாளம் தோத்துச்சு போ!"

மறுநாள் காலை வழக்கம்போல் சாப்பாட்டுப் பையோடு கிளம்பினேன். என்னை அடிக்கக் கூடாது. என் தலைக்கு மேலிருக்கும் கூரையை அடிக்கலாம். லீவு கேட்க இது ஒரு காரணமாகாது.

என்றுமில்லாமல் மகள் தொழிற்சாலை கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். போன் இன்னும் அவள் கையில்தான். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

"சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்றாள்.