தம்பி மடியில் ரெண்டு பிள்ளைங்க

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாங்கிளாஸோட நின்னவ. பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்குங்க.

"உங்க மாமியாருக்கு ஏழு புள்ளைங்க, உங்களுக்கு ஏன் அத்தை ரெண்டே ரெண்டு?"ன்னு மருமக கேட்டா. அப்போ சிரிச்சு மழுப்பிட்டேன். வாயால சொல்லக் கூச்சம், அதான் எழுதறேன்.

மாமியார் காலத்துல புள்ள கொஞ்சம் வளர்ந்தா ஆடு மேய்க்கும், காட்டு வேலை பார்க்கும். எங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் போனாங்க. நோட்டு, பை, துணி, பஸ்ஸுன்னு செலவுதான். எண்பதுகள்ல கிணத்துத் தண்ணியும் கீழே போயிருச்சு. கடலைக்காய் போடற காட்டுல எங்களுக்கே வேலை இல்லை. அதோட ஒவ்வொரு புள்ளைக்கும் தாய்மாமன் சீர் வேற. எனக்கு இருந்தது ஒரே தம்பி. அப்பா இல்லாத வூடு. மூத்தவ பொறந்தப்போ சீர் செய்யக் கறவை மாட்டை வித்தான். இளையவன் பொறந்ததும் தம்பியோட கல்யாணப் பேச்சே தள்ளிப் போச்சு.

அதனால மூத்தவளுக்குக் காது குத்தாம வெச்சிருந்து, ரெண்டு பேருக்கும் மொட்டையும் காதுகுத்தும் ஒரே செலவா தீர்த்தமலைக் கோயில்ல வெச்சோம். அதுக்குள்ள அவ ரெண்டாங்கிளாஸ். ஆசாரி கையில ஊசியைப் பார்த்ததும் ஓடிட்டா. தம்பி துரத்திப் புடிச்சு ஒரு தொடையில அவளையும், இன்னொரு தொடையில இளையவனையும் உக்கார வெச்சான். ரெண்டு மொட்டையும் அவன் தாடையில இடிக்குது.

மாமியார் சொன்னாங்க: "அடுத்ததுக்கும் கொஞ்சம் எடம் விட்டு உக்காருப்பா."

"இனி ஒண்ணு வந்தா தலைமேலதான் வெச்சுக்கணும் அத்தே!"ன்னான் தம்பி.

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பதான் மூத்தவ அண்ணாந்து பார்த்தா. "மாமா, உன் கடுக்கன் எங்க? காதுல ஓட்டை மட்டும் இருக்கு."

"கிணத்துல குளிக்கறப்போ விழுந்திருச்சு சாமி."

"உங்க கிணத்துலதான் தண்ணியே இல்லியே!"

ஆசாரிக்குச் சிரிப்பு அடங்கலை. "பொய்யைப் பாரு! உன் காதுக்கு வந்திருக்கறது அதுதான் கண்ணு. நான்தானே உருக்கினேன்."

அது எங்க அப்பாவோட கடுக்கன். மாமியார் முன்னால சத்தமாப் பேசாத நான், "இவங்க ரெண்டு பேரே போதுங்க அத்தை"ன்னுட்டேன். எங்க வூட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கிட்டே, "ஆமாம்மா, போதும்"னார்.

மாமியார் கட்டுச்சோறு பிரிச்சப்போ மொத இலையை என் தம்பிக்குப் போட்டாங்க. புளிச்சோத்தை அள்ளி அள்ளி வெச்சு, "மொதல்ல இவனுக்கு ஒரு பொண்ணைப் பாருங்கடா"ன்னாங்க. எனக்கு அது போதும். கொஞ்ச நாள்ல பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அடுத்த தையிலயே தம்பி கல்யாணம்.

தோடு ரெண்டு புள்ளைக்கும் அந்தக் கடுக்கன்லயே வந்துச்சா, மூத்தவளுக்கு மட்டுமான்னு நெனப்பில்லை. அவளைக் கேட்டு யாராச்சும் சரி பார்த்துச் சொல்லுங்க. தம்பியைக் கேக்க வேணாம். கிணத்துல விழுந்துச்சுன்னுதான் இன்னிக்கும் சொல்றான்.