சைரனுக்குத் தகரம் தட்டிய ஊர்

நம் நாடும் பக்கத்து நாடும் எல்லையில் மோதிக்கொண்ட வாரம் அது. இரண்டிடமும் அணுகுண்டு இருக்கிறது. எங்கள் மலைக்கிராமமான பூம்பாறைக்கு ஓர் அதிகாரி வந்து, சைரன் ஒலித்தால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும், இது ஒத்திகை என்று மைக்கில் சொன்னார்.

பொழுது சாயும்போது சைரன் அலறியது. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் சத்தம் கேட்டால், பூண்டு வயலில் காட்டுமாடு இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். பழக்கதோஷத்தில் நான் உட்பட ஊரே டார்ச் லைட்டும் தகரமுமாக வெளியே ஓடிவந்து தட்டியது.

"அறிவில்லையா? உள்ள போங்க!" என்று அதிகாரி கத்தினார்.

பக்கத்து வயல்காரம்மா நகரவில்லை. "போறோம் சார். கதவைச் சாத்திட்டா ஆச்சுங்களா? வெளிய கெடக்குற பூண்டு, மண்ணு, தண்ணி எல்லாம் என்னாகும்?"

அதிகாரி கையிலிருந்த தாளைப் புரட்டினார். பிறகு, "முதல்ல உள்ள போங்க!" என்றார் மறுபடியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்துக்கு ஒரு வல்லரசு ஆயுதம் விற்கிறது, அந்தப் பக்கத்துக்கு இன்னொன்று. விற்று முடித்ததும் இரண்டும் டிவியில் வந்து, பொறுமையாக இருங்கள் என்று புத்தி சொல்கின்றன. இருட்டில் உட்கார வேண்டியது மட்டும் நாங்களாம்.

காட்டுமாடாவது தகரம் தட்டினால் திரும்பிப் போகும்.