போனுக்கு மஞ்சள் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளிலேயே முதல் டெலிபோன் எங்களுக்குத்தான் வந்தது. வந்த அன்றே அம்மா அதற்குப் பொட்டு வைத்துவிட்டார். சாமி மேடைக்குப் பக்கத்தில், சுவரில் பதித்த இணைப்புப் பெட்டிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு, பூப்போட்ட துணி விரித்து உட்கார வைத்தார். அப்படி ஒரு மரியாதை அந்த வீட்டில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை தைப்பிங்கில் குமாஸ்தா. நல்ல நாள் என்று பார்த்து வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குத்தான் கூப்பிடுவார். சாப்பிட்டாச்சா என்பார். ஆச்சு என்பேன். "உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்" என்பார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொள்வேன். கர்ரென்று ஓர் இரைச்சல், லைன் செத்துவிடும். ஐந்து வெள்ளியும் இதே கதைதான். சனிக்கிழமை காலையில் பார்த்தால் போன் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வேலை செய்யும்.

பக்கத்துச் சுண்ணாம்பு மலையில் கல்லுடைக்க வெடி வைப்பதால் வந்த வினை என்றார் அப்பா. ஆறரை மணிக்கு எவன் வெடி வைக்கிறான் என்று கேட்டேன். முறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனரின் ரம்புத்தான் பழமரக் கிளை டெலிபோன் கம்பியில் உரசுவதாக அடுத்துக் கண்டுபிடித்தார். காயோடு இருந்த கிளையை வெட்டியும் விட்டார். அதன்பிறகு சீனர் எங்களோடு பேசவில்லை. போனும் பேசவில்லை. பழுதுபார்க்கும் மலாய்க்காரர் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் புதன்கிழமை. ஒரு கோளாறும் இல்லை என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் கல்யாணத் தரகர் வந்து நின்றார். மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே பெண் போனை வைத்துவிடுகிறாளாம். பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடட்டும், இந்த வெள்ளியோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வைத்தது நானா?

மலாய்க்காரரைக் கெஞ்சி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரச் சொன்னோம். வெள்ளிதோறும் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அம்மாவின் வழக்கம். ஆள் வருகிறார் என்பதால் அன்று தாராளமாகவே தெளித்தார். அவர் பார்க்கப் பார்க்க, மாவிலையைச் சொம்பில் தோய்த்து வாசலுக்கு, சாமிக்கு, கடைசியில் சுவர்ப் பெட்டிக்கு மூன்று தரம்.

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து மஞ்சளாகச் சொட்டியது. போனுக்கும் குளியலா என்று மலாயில் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "சாமி பக்கத்துல இருக்குற பொருளுக்கு மட்டும் தெளிக்காம விட முடியுமா லா?" என்றார்.

அவர் துடைத்து, மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்துக் காயவைத்து, இனி இதன் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாக ஆறரைக்கு மணி அடித்தது.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்." இரைச்சலே இல்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுருவீங்கதானே? அம்மா கேக்கச் சொன்னாங்க."

பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்த கேள்வி இதுதானா! ஈப்போ டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எங்கள் குடும்பத்தில் ரப்பர்த் தோட்டத்துப் பால்வாளி தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் பெண்.

"விடமாட்டேன்" என்றேன்.

"ஹலோ, கேக்குதா?" லைன் போய்விட்டதோ என்று கேட்டேன்.

"கேக்குது" என்றார். அடுத்த வெள்ளி கூப்பிடுவதாகவும், அதற்குள் நல்லபடியாக யோசித்துவைக்கும்படியும் சொல்லிவிட்டு வைத்தார்.

மறுபடியும் கட்டாகிவிட்டதா என்று அம்மா பதறினார். லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். முதலாளி எஸ்டேட்டை விற்கும்வரை இருபது வருடம் பால்மரம் வெட்டியவர் அம்மா. என்னை டைப்பிங் வகுப்பில் சேர்த்ததும் அவர்தான்.

அடுத்த வெள்ளி, ஆறரைக்கு மணி அடித்தது. நான் எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றார் அம்மா.

மாவிலையை எடுத்து ஓரமாக வைத்தார். சொம்பைத் தூக்கி, இருந்த தண்ணீர் அத்தனையையும் பெட்டியின் மேல் ஊற்றினார். மணி பாதியில் நின்றது.