என் மடியைக் காலியாக்காத கங்கம்மா

போன ஆடி மாதம், என் மகள் பூமிகாவை அரசாங்கமே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நடுங்கிப்போனேன். கங்கம்மா தாயை, எங்கள் அம்மனை, நம்பும் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் ஆந்திராவில் நகரி பக்கம். பூமிகாவுக்கு அப்போது இரண்டு வயது. போட்டோ எடுத்தால் வலது கண் மட்டும் வெள்ளையாக மின்னும். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி, கண்ணை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். என் வீட்டுக்காரர் ரேணிகுண்டாவில் வெல்டர். யாரையும் எதிர்த்துப் பேசாதவர். அன்றைக்கு, "பொட்டப்புள்ள சார். கண்ணு இல்லாம எப்டி வாழும்? நாங்க கூட்டிக்கினு போறோம்" என்றார். மற்ற பரிசோதனைகளுக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டோம். கண்ணை எடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சில நாளில் வாசலில் ஜீப் நின்றது. குழந்தைகள் நலத்துறைக்காரர் ஒருவரும் பெண் போலீஸ் ஒருவரும் இறங்கினார்கள். பெற்றவர்கள் மறுத்தால் அரசாங்கமே பொறுப்பெடுத்து வைத்தியம் பார்க்கும், சித்தூரில் குழந்தைகள் நலக் கமிட்டி விசாரிக்கிறது, வாருங்கள் என்றார்கள்.

"பெத்தது நாங்க. கண்ணைப் புடுங்க இவங்க யாரு?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். பிறகு அழுதார்.

வழியில் பாப்பா போலீஸம்மாவின் தொப்பியை வாங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் உள்ளுக்குள், "தாயே, என் மடியைக் காலியாக்கிடாதே. அவ கண்ணைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டே போனேன்.

கமிட்டித் தலைவியம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "அம்மா, உங்கிட்டேருந்து குழந்தையை எடுக்க எனக்கு அதிகாரம் இருக்குது. எடுக்க இஷ்டம் இல்ல. வேற டாக்டர்கிட்ட காட்டலாம், நானும் வரேன். பாப்பா உன் மடியிலயே இருக்கட்டும்."

"அவரும் அதையே சொல்லி, நாங்க வேணாம்னா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அப்ப உத்தரவு போடுவேன் நைனா. நீ என்னைத் திட்டிக்கோ. பாப்பா உயிரோட இருக்கணும்."

சொன்னபடி கூடவே வந்தார். புது டாக்டர் பாப்பாவுக்கு மயக்க மருந்து கொடுத்து இரண்டு கண்ணையும் பார்த்தார். வலது கண்ணுக்கு வேறு வழியே இல்லை என்றார். இடது கண்ணிலும் சின்னதாக ஒன்று தொடங்கியிருக்கிறது, இப்போதே வந்ததால் லேசரில் சரிசெய்யலாம், விட்டிருந்தால் இரண்டும் போய் உயிருக்கும் ஆபத்தாகியிருக்கும் என்றார்.

என் வீட்டுக்காரர் பாப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் என்னையே தூக்கிப்போக விட்டார்கள்.

நான் கேட்டது வலது கண்ணை. நோய் இருப்பதே எனக்குத் தெரியாத இடது கண்ணைக் கங்கம்மா காத்துக் கொடுத்தாள். ஜீப்பை உண்மையில் அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைக்குப் பூமிகா கோழியைத் துரத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறாள். இடது கண் லேசரில் சரியாகிவிட்டது, வலது பக்கம் செயற்கைக் கண். அதைக் கழுவி மாட்ட நான் போனால், "நீ வாணாம், நைனா வரட்டும்" என்று அப்பாவைக் கூப்பிடுகிறாள். அவரும் அவளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டே மாட்டிவிடுகிறார். ஜாத்திரைத் திருவிழாவில் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினோம்.

பிள்ளைக்கு நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தைக் கங்கம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பயந்துகொண்டேயாவது போங்கள். அவள் கூட வருவாள்.